பிரசவத்துக்குப் பின் தாயின் உடல் தேற எவ்வளவு காலம் ஆகும்?

குழந்தை பிறந்து 12 நாட்கள் ஆகின்றன; சுகப்பிரசவம்தான், ஆனால் பிறப்புவாயில் இரண்டாம் நிலைக் கிழிசல் ஏற்பட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள்; நேராக உட்கார முடியவில்லை; மாலையானால் காரணம் தெரியாமல் அழுகை வருகிறது; வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைப் பற்றியே கேட்கிறார்கள்; என்னை நான் எப்படிக் கவனித்துக்கொள்வது, எப்போது பழையபடி ஆவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மகப்பேற்று வார்டில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் காலக் கணக்கைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘ஆறு வாரம்’ என்று எல்லோரும் சொல்வது கருப்பை சுருங்கி முன்னிருந்த அளவுக்குத் திரும்பும் காலம். தையலுக்கு வேறு காலம், இடுப்புத் தசைகளுக்கு வேறு, மனதுக்கு வேறு, முடிக்குக்கூட வேறு. இவை அனைத்தையும் ஆறு வாரத்துக்குள் திணிக்கப் பார்ப்பதால்தான் பல பெண்கள் 43-ஆம் நாளில் தங்களிடம் ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடத்தில், கருப்பையின் உட்சுவரில், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருக்கிறது. அந்த அளவுப் புண் உங்கள் முதுகில் இருந்திருந்தால் வீட்டில் ஒருவரும் உங்களை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விட்டிருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பிரசவம் முடிந்தவுடன் சுமார் ஒரு கிலோ எடையோடு தொப்புள் உயரத்தில் கல்லைப் போல் இருக்கும் கருப்பை, ஒரு வாரத்தில் பாதி எடைக்கு வந்து, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடுகிறது. ஆறு வார முடிவில் 100 கிராமுக்கும் குறைவாக ஆகிவிடுகிறது. புண்ணும் இரண்டாம் வார முடிவில் மூன்று நான்கு சென்டிமீட்டராகச் சுருங்கினாலும், முழுவதும் ஆறுவதற்கு அந்த ஆறு வாரமும் தேவைப்படும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி வருகிறதல்லவா? குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருக்குவதால் வருவது அது. முதல் பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்களில் இவ்வலி கூடுதலாக இருக்கும். சில நாட்களில் தானாக அடங்கிவிடும்.

உள்ளே இருக்கும் அந்தப் புண் எப்படி ஆறுகிறது என்பதை வெளியிலிருந்து காட்டும் அளவுகோல் உதிரப்போக்குதான். முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாகவும், பிறகு பத்தாம் நாள் வாக்கில் வெளிறிய பழுப்பாகவும், அதன்பின் மஞ்சள் கலந்த வெண்மையாகவும் மாறி, நான்கிலிருந்து ஆறு வாரங்களில் நின்றுவிடும். ஏழாவது நாளுக்கும் பதினான்காவது நாளுக்கும் இடையில் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் திடீரெனச் சிவப்பாகப் போவது உண்டு. புண்ணின் பக்கு உதிர்வதே அதற்குக் காரணம், உடனே அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. வெளுத்துவந்த போக்கு, நீங்கள் அதிகமாக வேலை செய்த நாளில் மறுபடியும் சிவந்தால் அன்றைய வேலை உடலுக்கு மிகுதியாகிவிட்டது என்று கொள்ளுங்கள். அடுத்த நாள் படுத்திருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து அது அடங்காமல் தொடர்ந்தாலும், முட்டை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கட்டிகள் விழுந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், வீட்டில் காத்திருக்கக் கூடாது. உள்ளே வைக்கும் டாம்பான், மாதவிடாய்க் கப் ஆகியவற்றை ஆறு வாரப் பரிசோதனை முடியும்வரை ஒதுக்கி வையுங்கள்.

நாப்கினைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவியாக வேண்டும் என்று விதித்தபோது, அந்த வார்டில் பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த இறப்புகள் சில மாதங்களிலேயே சரிந்தன. கிருமி நுழைய வழி திறந்திருக்கும் காலம் இது என்பதால் அந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

இனி உங்கள் தையல். இரண்டாம் நிலைக் கிழிசல் என்றால் தோலோடு அதன் கீழுள்ள தசையும் கிழிந்திருக்கிறது. ஆசனவாய்த் தசை தப்பித்துவிட்டது. தையல் நூல் பொதுவாகத் தானே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு நாட்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். அந்தக் கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது. இப்போது ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, இடுப்பளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காரலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், கழிக்கும்போதே மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பால் கொடுக்கும் தாய்மார்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் இபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கோடீன் கலந்த மாத்திரை வேண்டாம்; அது பால் வழியாகக் குழந்தையின் மூச்சைத் தளர்த்திவிடக்கூடும். வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை, வலியோடு இருப்பவள் நடக்கமாட்டாள், தூங்கமாட்டாள், பால் கொடுக்கவும் சிரமப்படுவாள். ஆறும் தையலில் வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும். 12-ஆம் நாளிலும் உட்காரவே முடியவில்லை என்று எழுதியிருப்பதால், தையல் பிரிந்திருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்பதை இந்த வாரமே நேரில் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

மலம் கழிக்கும்போது தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அடக்குகிறவர்கள் பலர். தையல் அப்படிப் பிரிவதில்லை. ஆனால் அடக்கினால் மலம் இறுகி, மூலம் தள்ளி, அடுத்த முறை வலி இரட்டிப்பாகும். சுத்தமான நாப்கினைத் தையலின் மேல் வைத்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலுக்கடியில் ஒரு சிறு முக்காலியைப் போட்டு முழங்கால்களை இடுப்பைவிட உயர்த்தி உட்கார்ந்தால் எளிதாகும். போதுமான தண்ணீரும் நார்ச்சத்தும் உதவாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும், கருவுற்ற காலத்தில் சேர்ந்த நீர் வெளியேறுவதால் நிகழ்பவை. காய்ச்சல் இல்லாதவரை அவை நோயல்ல.

சிசேரியன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே தோல் பத்து நாளில் ஒட்டிக்கொண்டாலும், உள்ளே வெட்டித் தைத்த அடுக்குகள் வலுப்பெற வாரங்கள் ஆகும். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தையல் சிவந்து சூடாகி நீர் வடிந்தால் காட்ட வேண்டும்.

ஓய்வு என்றால் எழாமல் படுத்திருப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. கருவுற்ற காலத்தில் ரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதே ஏற்பாடு, பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்கேனும், அசையாமல் கிடப்பவரின் கால் ரத்தக் குழாய்களில் ரத்தக் கட்டியை உண்டாக்கும் ஆபத்தாக மாறுகிறது. எனவே முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடப்பதும், கணுக்காலை அசைப்பதும் வேண்டும். சுமப்பதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் வேண்டாம். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால், நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மார்பகங்களைப் பொறுத்தவரை, இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பால் பெருகும்போது கல்லாகக் கட்டிக்கொள்வது இயல்பு; ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுத்தால் அது தளர்ந்துவிடும். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் அது தாய்மைக்கான விலை என்று பல்லைக் கடிக்காதீர்கள், குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது என்பதற்கான அடையாளம் அது. கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டித் தரத் தெரிந்தவரை ஒருமுறை நேரில் பார்த்தால் பல வாரத் துயரம் மிச்சமாகும். மார்பில் ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தால் அது மார்பக அழற்சி. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. கட்டியை அழுத்திப் பிசைந்து கரைக்க வேண்டும் என்று முன்பு நாங்களே சொல்லிக்கொடுத்தோம். அழுத்தினால் திசுக்கள் மேலும் வீங்கும் என்பதால் இப்போது குளிர் ஒத்தடமும் வலிமாத்திரையும் மென்மையான வருடலும் போதும் என்கிறோம். ஒரு நாளில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம்.

உணவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பால் கொடுப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை; புரதமும் இரும்புச்சத்தும் கால்சியமும் நிறைந்த வழக்கமான உணவும் தாகத்துக்கேற்ற தண்ணீரும் போதும்; எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் காலம் இதுவல்ல. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் பிரசவத்துக்குப் பிறகும் 6 முதல் 12 வாரங்கள் அதைத் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. மாடி ஏறினால் படபடப்பு, எப்போதும் தலைசுற்றல் என்றால் ஹீமோகுளோபினைப் பரிசோதியுங்கள். ‘தூக்கமில்லை, அதனால்தான்’ என்று தள்ளிவிடப்படும் ரத்தசோகை ஏராளம்.

தூக்கத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று சொல்பவர்கள், குழந்தை தூங்கும் அந்த நேரத்தில்தான் நீங்கள் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலும், பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத் தூங்குகிறது. பெரியவர்களுக்கு அத்தகைய துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம் வந்தாலும் தூங்கியதாகத் தோன்றாது. ஒரு நாளில் ஒருமுறையாவது நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்குவதை இலக்காக வையுங்கள். இதை நீங்கள் தனியாகச் செய்துகொள்ள முடியாது. இன்னொருவரின் நேரம் இதற்கு வேண்டும். மாலையில் பால் கொடுத்து முடித்தவுடன் குழந்தையைக் கணவரோ வீட்டில் உள்ள மற்றொருவரோ வேறு அறைக்கு எடுத்துச் சென்று, ஏப்பம் விடவைத்து, டயப்பர் மாற்றி, தூங்கவைத்து, உண்மையாகவே பசித்து அழும்போது மட்டும் உங்களிடம் கொண்டுவரட்டும். பால் நன்கு ஊறத் தொடங்கிய பிறகு, அதாவது மூன்று நான்கு வாரத்துக்குப் பின், ஒரு வேளைக்குப் பிழிந்து வைத்த பாலைக் கொடுக்கவும் செய்யலாம். அப்போது அந்த இடைவெளி நீளும்.

‘தன்னைத் தானே கவனித்துக்கொள்வது’ என்ற சொல்லே என் பார்வையில் பாதி தவறானது. அது இன்னொரு வேலையையும் தாயின் தலையில் கட்டுகிறது. ஒரு தாளில் வீட்டு வேலைகளையும் குழந்தை வேலைகளையும் எழுதிப் பாருங்கள்: உங்களால் மட்டுமே முடிவது பால் கொடுப்பதும் உங்கள் உடல் ஆறுவதும்தான். மற்ற அனைத்துக்கும் எதிரே வேறொரு பெயரை எழுத முடியும். பார்க்க வருகிறவர்களிடம் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், ‘இந்தத் துணிகளை மடித்து வையுங்கள், நான் அரை மணி நேரம் படுக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். இன்னொன்று: மிகவும் களைத்திருக்கும்போது சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்காதீர்கள். அப்படியே கண்ணயர்ந்துவிட்டால், மெத்தைக்கும் உங்கள் உடலுக்கும் இடையில் குழந்தையின் மூச்சு அடைபடும் ஆபத்து மிக அதிகம்.

மாலை அழுகைக்கு வருகிறேன். கருவுற்றிருந்தபோது நஞ்சுக்கொடி சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் பிரசவமான சில நாட்களுக்குள் அதலபாதாளத்துக்கு இறங்குகின்றன. புதிய தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும் அழுகையும் எரிச்சலும், இரண்டு வாரத்துக்குள் தாமாகவே விலகிவிடும். நீங்கள் இப்போது அந்த எல்லையில் நிற்கிறீர்கள். 14 நாட்களைத் தாண்டியும் அழுகை நீடித்தால், அல்லது எதிலும் நாட்டமில்லாமை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை, ‘நான் இந்தக் குழந்தைக்குத் தகுதியில்லாதவள்’ என்ற எண்ணம் ஆகியவை நாள் முழுவதும் கூடவே இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. முதல் ஆண்டின் எந்த மாதத்திலும் அது தொடங்கலாம். 1987-இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள் கேட்டு இதை அடையாளம் காண உதவுகிறது. அதைக் கொண்டு பரிசோதிக்கும்படி செவிலியரிடமோ மருத்துவரிடமோ நீங்களே கேட்கலாம். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. மாத்திரை தேவைப்பட்டாலும், செர்ட்ரலின் போன்றவை பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால் பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம்.

தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தவறவிட்டுவிடுவோமோ, கையிலிருக்கும் கத்தி அதன்மேல் பட்டுவிடுமோ என்ற பயங்கரக் காட்சிகள், அழைக்காமலே மனதில் வந்து போவது மிகப் பலருக்கு நேர்கிறது. அதைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள் என்பதே நீங்கள் அப்படிச் செய்ய விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. அடிக்கடி வந்து தொல்லைப்படுத்தினால் சிகிச்சை இருக்கிறது. இதற்கு முற்றிலும் மாறானது பிரசவ மனப்பிறழ்வு: ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தூக்கத் தேவையே இல்லாததுபோல் இருத்தல், இல்லாத குரல்கள் கேட்டல், குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள், குழம்பிய பேச்சு என்று திடீரெனத் தொடங்கும். அது அவசர நிலை. அவரையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நோய் தெரியாது என்பதால் இந்தப் பத்தியை உங்கள் கணவரும் படிக்கட்டும்.

உடல் சார்ந்த அவசர அறிகுறிகளில் ரத்தப்போக்கையும் ரத்தக் கட்டியையும் மேலே சொல்லிவிட்டேன். மருந்துக்கு அடங்காத தலைவலி, கண்முன் பொறி பறத்தல் அல்லது மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை ரத்த அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கர்ப்பத்தில் அழுத்தம் சரியாகவே இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இது வரக்கூடும், வலிப்பில் முடியவும் கூடும். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் அன்றே காட்ட வேண்டியது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது’ என்று சொல்லுங்கள்; கையில் குழந்தை இல்லாமல் தனியாக வருகிற பெண்ணிடம் அதைக் கேட்கத் தோன்றாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை வலியில்லாத அளவில் இப்போதே தொடங்கலாம். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளிழுத்துப் பிடித்து, சில நொடிகள் வைத்திருந்து, முழுவதும் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். தும்மினால் சிறுநீர் கசிவது மிகவும் பரவலானது, ஆனால் வாழ்நாள் முழுவதும் சகித்துக்கொள்ள வேண்டியதல்ல. நடுவயிற்றுத் தசைகள் பிரிந்திருப்பது பெரும்பாலோருக்கு எட்டு வாரத்தில் நெருங்கிவிடும். அதற்குமேலும் வயிற்றின் நடுவில் கூம்புபோல் புடைத்தால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் மூன்று மாதம் பொறுத்திருங்கள்.

உடலுறவுக்கு விதித்த நாள் எதுவும் இல்லை. உதிரப்போக்கு நின்று, தையல் ஆறி, உங்களுக்கு விருப்பமும் வரும்போது தொடங்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி இருக்கும், நீர் கலந்த ஜெல் உதவும். மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரும் என்பதால் கருத்தடையை அதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே பால் கொடுப்பதைக் கருத்தடையாக நம்ப முடியும்; மூன்றில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது.

மூன்றாம் நான்காம் மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும்போது பதறாதீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் தங்கிய முடிதான் மொத்தமாக உதிர்கிறது. ஓராண்டுக்குள் அடர்த்தி திரும்பிவிடும். அதோடு படபடப்போ, தீராத சோர்வோ சேர்ந்திருந்தால் தைராய்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் அந்தச் சுரப்பியில் அழற்சி வருவதுண்டு.

ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ரத்த அழுத்தம், தையல், தேவைப்பட்டால் ஹீமோகுளோபின், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை, கருத்தடை ஆகியவற்றை அன்று கேட்டுவிடுங்கள். சிறுநீர்க் கசிவு, மலத்தை அடக்க முடியாமை, உடலுறவில் வலி, அழுகை ஆகிய நான்கையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். மறந்துவிடாமல் இருக்க எழுதியே எடுத்துச் செல்லுங்கள். உடன் வருபவர் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பத்து நிமிடம் மருத்துவர் உங்களை மட்டும் பார்க்கட்டும்.